உரிய காலத்துக்கு முன் வேலை கிடைத்த விவகாரம்

வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிப்பதற்காக மனிதன் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது எது என்று கேட்டால், நான் சிறிதும் தயங்காமல் சொல்வேன்: கட்டம் போட்ட காகிதம். சக்கரம், நீராவி, மின்சாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சக்கரம் சுழன்றது, சரி. அதனால் எத்தனை பேர் பயனடைந்தார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று அது என்றைக்காவது சொன்னதுண்டா?

எங்கள் அலுவலகத்தில் அந்தக் காகிதத்துக்குச் 'சட்டகம்' என்று பெயர். இயக்குநர் அறையில், அவருடைய நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில், ஒரு கதவு அளவுக்கு அதைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தோம். இடது ஓரத்துக் கட்டத்தில் 'வேலையற்ற இளைஞர்' என்று இருக்கும். அதிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பிப் 'பயிற்சி'க்குப் போகும். அங்கிருந்து இன்னொன்று 'சான்றிதழு'க்குப் போகும். கடைசி அம்பு போய்ச் சேரும் இடம் 'வேலை'. எல்லா அம்புகளும் ஒரே திசையில்தான் பறந்தன. பல மத்தியானங்கள் அதன் முன்னால் நான் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் தானாக அடங்கிவிடும்.

நான் அங்கே 'கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர்'. அது என்ன வேலை என்று மூன்று வருஷமாக விளக்கியும் என் மாமியாருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், வேலை இல்லாதவர்களை எண்ணுகிற வேலை என்று அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். குறை சொல்வதற்கில்லை.

திட்டத்தின் முழுப்பெயர் 'இளைஞர் திறன் மேம்பாட்டுக்கும் கண்ணியமான வேலைவாய்ப்புக்குமான சர்வதேசக் கூட்டுறவுத் திட்டம், முதற்கட்டம்'. வெகுதொலைவில் உள்ள ஒரு குளிர்நாடு இதற்கு உதவியது. 'நன்கொடை நாடு' என்று யாரும் வாய்தவறியும் சொல்லக்கூடாது, 'பங்காளி நாடு' என்றுதான் சொல்லவேண்டும் என்று அவர்கள் மிகுந்த பணிவோடு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்பங்களில் பங்காளி என்றதும் கோர்ட்டும் வாய்தாவும்தான் நினைவுக்கு வரும் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

குளிர்நாடு என்பதாலோ என்னவோ, அவர்கள் எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தொழில் 'குளிர்பதன இயந்திரப் பராமரிப்பு'. ஆறு மாதப் பயிற்சி, இருபது பேர். தனியுரிமைக் கொள்கைப்படி பயனாளிகளின் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது, எண் மட்டும்தான். இந்த விவகாரத்தின் நாயகி பதினேழாம் எண். மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத சுபாவம், எந்த மின்விசிறி சத்தம் போட்டாலும் நிமிர்ந்து பார்க்கிற பழக்கம்.

பயிற்சிக்கென்று பங்காளி நாடு ஒரு கம்ப்ரெஸர் அனுப்பியிருந்தது. அது மரப்பெட்டியில் ஆணி அடித்தபடி, நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, எங்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. பங்காளி நாட்டுப் பிரதிநிதி நேரில் வந்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். பிரதிநிதிக்கோ நாட்காட்டியில் இடமில்லை. அதனால் எட்டு வாரமாகியும் மாணவர்களுக்கு 'மென்திறன்' வகுப்பே நடந்துகொண்டிருந்தது. கைகுலுக்குவது எப்படி, நேர்காணலில் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்ப்பது எப்படி, தன்னை ஒரு மரமாகக் கற்பனை செய்து வரைவது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டார்கள்.

தொழில் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு மாஸ்டர். முப்பது வருஷம் கப்பல்களில் குளிர் அறைகளைப் பார்த்துக்கொண்டவர். எட்டு வாரமும் வகுப்பின் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கம்ப்ரெஸர் எப்படி இருக்கும் என்று பதினேழு ஒருநாள் அவரிடம் கேட்டிருக்கிறாள். அவளை முற்றத்துக்குக் கூட்டிப்போய், தார்ப்பாயைத் தூக்கி, பெட்டியைக் காட்டினாராம். உள்ளே இருக்குது, நம்பிக்கை வை என்றாராம்.

ஒருநாள் மாஸ்டர் பொறுமையிழந்தார். யாரிடமும் சொல்லாமல் மாணவர்கள் அத்தனை பேரையும் இரண்டு தெரு தள்ளியிருந்த ஐஸ் ஃபேக்டரிக்கு அழைத்துப் போய்விட்டார். நான் அதைப் பின்னால் 'களப்பயணம்' என்று பதிவுசெய்து ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன்.

அந்த ஃபேக்டரி ஒரு நீண்ட கொட்டகை. தரையெல்லாம் மரப்பலகை மூடிகள். மூடியைத் தூக்கினால் கீழே உப்புத்தண்ணீர்த் தொட்டி, அதில் வரிசையாகத் தகர டப்பாக்கள், டப்பாக்களுக்குள் ஐஸாகிக்கொண்டிருக்கும் தண்ணீர். ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள்தான் முதலாளி. புருஷன் போன பிறகு அதை அவரே நடத்திவந்தார். அன்றைக்கு அங்கே கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி. எங்கேயோ குழாய் கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை. கட்டிகள் நடுவில் உறையாமல் கொழகொழவென்று வந்துகொண்டிருந்தன.

மாஸ்டர் ஒரு கந்தகத் திரியைக் கொளுத்தினார். கசிவு இருக்கிற இடத்துக்கு அந்தத் திரியைக் கொண்டுபோனால் புகை வெள்ளையாகத் திரளும், அவ்வளவுதான் சூட்சுமம். ஒவ்வொருவராகத் திரியை வாங்கினார்கள், நாலடி நடந்தார்கள், இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பதினேழு துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குழாய் போன வழியே போனாள். பின்சுவரை ஒட்டி, ஆள் நுழைய முடியாத இடுக்கில், குழாயின் ஒரு முழங்கை வளைவில் புகை பாலாகத் திரண்டது. "இங்க" என்றாள்.

முதலாளி அம்மா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர முடியுமா?"

நேர்காணல் அத்தோடு முடிந்தது. கைகுலுக்கல் கிடையாது. தன்விவரக் குறிப்பு கிடையாது. கண்ணோடு கண் பார்த்தல் அறவே கிடையாது, இரண்டு பேரும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வார மென்திறன் பயிற்சி ஒரே நொடியில் வீணாயிற்று.

எனக்கு இது ஒன்பது நாள் கழித்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. பதினேழுக்கு நேராக ஒன்பது காலியிடங்கள். ஏற்கெனவே நான்கு பேர் நின்றுவிட்டிருந்தார்கள். இருவர் கடல் தாண்டிப் போனார்கள், ஒருத்திக்குத் திருமணம், ஒருவன் மென்திறன் வகுப்பில் தூங்கி நாற்காலியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். சட்டகத்தின்படி பதினாறு பேராவது பயிற்சியை முடித்தால்தான் திட்டத்துக்கு இரண்டாம் கட்டம். பதினேழு போனால் பதினைந்து. பதினைந்து என்றால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, வருத்தப்படுவார். அதுவும் எழுத்துப்பூர்வமாக.

"பதினேழுக்கு வேலை கிடைச்சிருச்சு சார்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எப்ப?"

"ஒம்பது நாளாச்சு."

"சர்டிபிகேட்?"

"இல்ல சார்."

"அப்ப அது வேலை இல்ல."

மாஸ்டர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "மாசச் சம்பளம், காலையில ஆறு மணிக்கு ஷிப்ட், காலுக்கு பூட்ஸ் எல்லாம் குடுத்திருக்காங்க. வேற எதைச் சார் வேலைன்னு சொல்றது?"

இயக்குநர் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த சட்டகத்தில் விரலை வைத்தார். "அம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க மாஸ்டர்."

மாஸ்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவளை 'வேலை பெற்றவர்' என்ற கட்டத்தில் சேர்க்க இயலுமா என்று பங்காளி நாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டோம். பதினொரு நாளில் பதினான்கு பக்கப் பதில் வந்தது. அதன் சாரம் இதுதான்: பயனாளி என்பவர் வேலையற்றவர். வேலையில் இருப்பவர் பயனாளி ஆகமாட்டார். பயனாளி அல்லாதவர் திட்டத்தால் பயனடைய முடியாது. ஆனால், அவர் ஏற்கெனவே பயனாளியாகப் பதிவாகிவிட்டதால், வேலை கிடைத்ததன் மூலம் அவர் பயிற்சியை இடையில் கைவிட்டவராகிறார். எனவே அவர் ஒரு தோல்வி. நான் அதை மூன்று தடவை படித்தேன். எங்கேயும் ஒரு கசிவு இல்லை. கந்தகத் திரி பிடித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவுசெய்தோம்: 'வேலை கிடைத்தது குறை அல்ல. உரிய காலத்துக்கு முன் கிடைத்ததே குறை.' பதினேழை வேலையிலிருந்து மீட்டெடுக்க ஒரு 'மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. குழுவில் நான் இருந்தேன்.

மறுநாளே ஐஸ் ஃபேக்டரிக்குப் போனேன். முதலாளி அம்மா டப்பாக்களைத் தூக்கும் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல பெண்ணைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டினார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வேலை வாங்கிக் குடுக்கிறவங்கதானே சார் நீங்க?" என்றார். "அவதான் வாங்கிட்டாளே. பிறகென்ன?"

"முறைப்படி வாங்கலம்மா."

அதற்குள் பதினேழு கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காலில் அளவுக்கு மீறிய ரப்பர் பூட்ஸ். நான் அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். இன்னும் மூன்று மாதம் பயிற்சியை முடித்தால் சான்றிதழ் கிடைக்கும், சான்றிதழ் கிடைத்தால் அவளுடைய திறமைக்கு ஏற்ற ஓர் இடத்தில் வேலை கிடைக்கத் திட்டம் துணைநிற்கும் என்றேன்.

"எந்த மாதிரி இடம் சார்?"

"உதாரணத்துக்கு, ஒரு ஐஸ் ஃபேக்டரி."

அவள் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இதுலதானே சார் நிக்கிறேன்."

நான் மௌனமாக இருந்தேன். எதிராளி தானாகவே சரியான முடிவுக்கு வருவதற்கு மௌனத்தைப்போல் உதவுவது வேறில்லை என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது வெறும் இரைச்சல். அவள் தலையைச் சற்றுச் சாய்த்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார், எண்ணெய் குறையுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் திரும்பி வருவாள் என்று அரை மணி நேரம் நின்றேன். கால் நனைந்ததுதான் மிச்சம்.

அடுத்து அவள் வீட்டுக்குப் போனேன். அங்கே எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அவளுடைய அண்ணன் என்னை வாசலிலேயே சக அதிகாரியைப்போல் வரவேற்றான். முன்னறைச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. தேனீ வளர்ப்பு, கைப்பேசி பழுதுபார்த்தல், கேக் அலங்காரம், சூரிய மின்தகடு பொருத்துதல், தலைமைப் பண்பு, 'குளிர்பதனத் தொழில் – ஓர் அறிமுகம்' (ஐந்து நாள், தேநீருடன்). பத்து வருஷமாக அவன் ஒரு நாட்டின் திட்டத்திலிருந்து இன்னொரு நாட்டின் திட்டத்துக்கு மாறி மாறிப் பயின்று வந்திருக்கிறான். ஒருநாள்கூட வேலைக்குப் போனதில்லை. எந்தத் திட்டத்தையும் இடையில் கைவிட்டதில்லை. இப்படி ஒரு பயனாளி கிடைப்பாரா என்று அலுவலகங்கள் ஏங்கும்.

"அவளுக்குப் பொறுமை இல்ல சார்" என்றான் வருத்தத்தோடு. "எடுத்த எடுப்புல வேலைக்குப் போயிட்டா. நான் பத்து வருஷமா கத்துக்கிட்டு இருக்கேன், ஒருநாளாவது அவசரப்பட்டிருப்பேனா?"

அவர்களுடைய அம்மா மடியில் ஒரு குவியல் சட்டைகளை வைத்துக்கொண்டு பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த வீட்டுல இருந்து ஒருத்தர் காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுப் போறது இதுதான் தம்பி முதல் தடவை" என்றார். "அவங்கப்பா போன பிறகு முதல் தடவை. அதைத் தடுத்துராதீங்க."

"தடுக்கலம்மா. ஒத்திவைக்கிறோம்."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

இரண்டு முயற்சியும் பலிக்காதபோது மனம் தளராமல் இருப்பதுதான் அலுவலருக்கு அழகு. ஒரு கடிதம் எழுதலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். 'அமோனியா வாயு உள்ள இயந்திரத்தைச் சான்றிதழ் பெறாத ஒருவர் கையாண்டு வருவதாக அறிகிறோம். அன்னாரின் நலன் கருதி எங்கள் கவலையைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' முகவரி ஐஸ் ஃபேக்டரிக்கு. அடியில் ஒரே ஒரு வரி: 'நகல்: தொழிற்சாலை ஆய்வுத் துறை.' எத்தனையோ பேரறிஞர்கள் எத்தனையோ நூல்களில் சாதிக்காததை 'நகல்' என்ற ஒரு சொல் சாதித்துவிடும். இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தோளில் தட்டினார். அன்றைக்கு மத்தியானம் நான் சட்டகத்தின் முன்னால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆய்வாளர் வந்தார். இயந்திரத்தைப் பார்க்கவில்லை, சான்றிதழைக் கேட்டார். ஒரு வாரத்துக்குள் குளிர்பதனச் சான்றிதழ் உள்ள ஓர் ஆளைக் காட்டாவிட்டால் கதவைப் பூட்டவேண்டி வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அம்மா ஊரெல்லாம் தேடினார். மாஸ்டரிடமே வந்து கேட்டார். அவர் கற்றது முழுவதும் கப்பலில், காகிதம் ஒன்றும் கிடையாது. அப்படியிருக்க நாங்கள் எப்படி அவரை வேலைக்கு வைத்தோம் என்பதை ஆராய இது இடமல்ல. கடைசியில் ஊரிலேயே குளிர்பதனச் சான்றிதழ் உள்ள ஆள் ஒரே ஒருவன்தான் என்று தெரியவந்தது. பதினேழின் அண்ணன்.

அவன் வெலவெலத்துப்போய் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தான்.

"எப்படியாவது தடுத்து நிறுத்துங்க சார்" என்றான். "என் அனுபவம் பூரா பயிற்சியில சார். வேலைக்கு நான் புதுசு."

என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை. வீட்டில் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. அதைச் செய்தவள் பதினேழுதான். அண்ணன் மூன்று மாதம் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது, தான் போய் அந்தக் காகிதத்தை வாங்கி வருவது, வந்ததும் அண்ணன் எழுந்துகொள்வது. இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முதலாளி அம்மாவும் வாக்குக் கொடுத்திருந்தார். காலை ஆறு முதல் எட்டரை வரை மட்டும் தானும் வந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று பதினேழு என்னிடம் கேட்டாள். வேலையில் இருப்பவர் பயனாளி ஆகமாட்டார் என்ற பகுதியை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள். பூட்ஸை அண்ணனிடம் கழற்றிக் கொடுத்தாள். அவனுக்குச் சரியாக இருந்ததாம்.

மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அண்ணனுக்கு அவள் சொல்லிக் கொடுத்த பாடம் மிகவும் சிறியது: "எதையும் தொடாத அண்ணே. சத்தம் மாறினா மட்டும் எனக்குப் போன் போடு."

பதினேழு வகுப்புக்குத் திரும்பினாள். பதிவேட்டில் அவளுக்கு நேராகச் சிவப்பு மையில் இருந்த 'கைவிட்டவர்' என்பதை அழித்துவிட்டு நீல மையில் 'பயனாளி' என்று எழுதினேன். அந்த நீலம் கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. விடுபட்ட மென்திறன் பாடங்களை அவள் முதலில் முடிக்கவேண்டியிருந்தது. தன்னை மறுபடியும் மரமாக வரையச் சொன்னபோது கம்ப்ரெஸர் வரைந்தாள். வேர் இல்லாததால் மதிப்பெண் குறைந்தது.

வகுப்பு நடக்கும்போது அவளுடைய கைப்பேசி அடிக்கும். எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். பேசமாட்டாள். இரண்டு தெருவுக்கு அப்பால் அண்ணன் தன்னுடைய கைப்பேசியை இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எண்ணெய் ஊத்து" என்பாள். அல்லது, "தண்ணி பம்ப்பைப் பாரு" என்பாள். அல்லது, "ஒண்ணுமில்ல, பயப்படாத." அவ்வளவுதான். இப்படியே ஐந்து வாரம் ஃபேக்டரி ஓடியது. அந்த மனிதன் பத்து வருஷத்தில் முதன்முறையாகக் களைத்துப்போய் வீடு திரும்பினான், அதைப் பார்த்து அவனுடைய அம்மா சிரித்தார் என்றும் கேள்விப்பட்டேன்.

மென்திறன் பயிற்றுநருக்கு இது கவனச்சிதறலாகப் பட்டது. எழுத்தில் புகார் கொடுத்தார். புகார் என்று வந்துவிட்டால் நடவடிக்கை எடுத்தாகவேண்டும். வகுப்பறை வாசலில் ஒரு பிரம்புக் கூடை வைத்து, உள்ளே போகும் எல்லோரும் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று உத்தரவிட்டேன். பதினேழு கூடைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கூடையைப் பார்த்தேன்.

நான்காம் நாள், 'நேர்மறைச் சிந்தனை' வகுப்பு. கூடைக்குள்ளிருந்து ஒரு கைப்பேசி ஏழு தடவை அடித்தது. நான் தாழ்வாரத்தின் கோடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன், எண்ணினேன், எண்ணுவது என் பழக்கம். மாஸ்டர் இருந்திருந்தால் எடுத்திருப்பார். பிரதிநிதி வரும் தேதி ஒருவழியாக முடிவாகிவிட்டதால் ரிப்பன் வாங்க அவரை இயக்குநர் கடைத்தெருவுக்கு அனுப்பியிருந்தார்.

வகுப்பு முடிந்து வந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தவள், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது இயந்திரம் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. எண்ணெய் வற்றி, பேரிங் தீய்ந்து, உள்ளே இறுகிவிட்டது. அண்ணன் இயந்திரத்தை விட்டு நகராமல் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தானாம். அவள் சொன்னபடியே அவன் எதையும் தொட்டிருக்கவில்லை.

மறுநாள் காலை அவள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், முற்றத்துல பெட்டியில இருக்கிற மெஷின் அதே வகைதான். கூட உதிரிப் பாகமும் வந்திருக்கும்னு மாஸ்டர் சொல்றாரு. அதுல ஒரே ஒரு பேரிங் செட் குடுத்தீங்கன்னா நானும் மாஸ்டரும் ரெண்டு நாள்ல மாட்டிருவோம். முதலாளி அம்மா புதுசு வரவழைச்சுத் திருப்பிக் குடுத்துருவாங்க. புதுசு வர ஒன்றரை மாசம் ஆகும். அது வரைக்கும் தாங்காது சார். வாடிக்கை எல்லாம் வேற ஊருக்குப் போயிரும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அது ஒருதடவைதான். நான் வழக்கம்போல் மௌனமாக இருந்தேன். அவளும் இருந்தாள். மௌனத்தில் அவள் என்னைவிடத் தேர்ச்சி பெற்றவள் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நான்தான் பேசவேண்டியதாயிற்று. மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

எழுதினேன். இயக்குநர் மிகவும் வருத்தப்பட்டார், எழுத்துப்பூர்வமாக. ரிப்பன் வெட்டாத பெட்டியைத் திறக்க விதியில் இடமில்லை, ஆனாலும் பங்காளி நாட்டின் கருத்தைக் கேட்போம் என்று அனுப்பிவைத்தார். பதினொரு நாளில் பதில் வந்தது. இந்தக் கோரிக்கையில் உள்ள உள்ளூர் முன்முயற்சியை அவர்கள் வெகுவாகப் பாராட்டியிருந்தார்கள். திறக்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் வாடிக்கைக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து லாரியில் ஐஸ் எடுக்கப் பழகிவிட்டார்கள். நான் அந்தப் பதிலைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு போனபோது முதலாளி அம்மா வாசலில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாகக் கடிதத்தை வாங்கி, முழுவதும் படித்தார்.

"உங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்றார். "எனக்குத்தான் ஐஸ் உருகிருச்சு."

கட்டி தூக்குகிறவர்கள், வண்டி ஏற்றுகிறவர்கள், கணக்குப் பார்க்கிறவர் என்று பதினோரு பேர் வேலையிழந்தார்கள். இதில் ஒரு நன்மையும் விளைந்தது. இரண்டாம் கட்டத்துக்குத் தகுதியான வேலையற்றவர்களை எங்கே போய்த் தேடுவது என்று இயக்குநர் கவலையில் இருந்தார். அந்தப் பதினோரு பேரும் ஒரே நாளில் வந்து வரிசையில் நின்று பதிவுசெய்துகொண்டார்கள். அண்ணன் அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தான். அதில் அவனுக்கு நல்ல கை.

பயிற்சி முடிந்த அன்று பயிற்சி இயந்திரம் திறந்துவைக்கப்பட்டது. பிரதிநிதி வந்தார். உயரமான, நல்ல மனதுள்ள பெண்மணி, வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. ரிப்பன் வெட்டினார். ஆணிகளைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தார்கள். இயந்திரம் எண்ணெய்க் காகிதத்தில் புத்தம் புதிதாக இருந்தது. உதிரிப் பாகங்கள் அடங்கிய சிறிய டப்பா அதன் காலடியில் இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். மாஸ்டர் மட்டும் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு சான்றிதழ்கள். பதினாறு பேர் வரிசையாக வந்து, கைகுலுக்கி, பிரதிநிதியின் கண்ணைப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். பதினாறு. சட்டகம் நிறைவேறியது.

அறிக்கையின் அட்டைக்கு ஒரு 'வெற்றிக் கதை' தேவைப்பட்டது. பெண், ஏழைக் குடும்பம், ஆண்கள் மட்டுமே பார்க்கும் தொழில், போதாததற்கு இடையில் நின்றுபோய்த் திரும்பவும் வந்தவள். இயக்குநருக்கு யோசிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பதினேழை மேடைக்கு அழைத்தார்கள். பங்காளி நாட்டு மொழி அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் நான் நடுவில் நின்றேன்.

பிரதிநிதி அவளுடைய கையைப் பற்றிக்கொண்டு, உண்மையான அக்கறையோடு குனிந்து கேட்டார். இந்தத் திட்டத்துக்கு வருவதற்கு முன்னால் உன் நிலைமை எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, அதை உன் வாயால் கேட்க ஆசைப்படுகிறேன் என்றார். நான் அவளுக்கு அதை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

கேமராக்கள் காத்துக்கொண்டிருந்தன. அவள் சான்றிதழைப் பார்த்தாள். பிரதிநிதியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"முன்னாடி எனக்கு வேலை இருந்துச்சு. இப்ப இல்ல."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பிறகு மொழிபெயர்த்தேன்.

"இப்போது எனக்கு வேலை இருக்கிறது. முன்பு இல்லை."

பிரதிநிதியின் கண்கள் கலங்கிவிட்டன. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் தட்டிய தட்டில் அவருடைய கைக்கடிகாரம் கழன்று விழுந்தது. அந்த நிமிஷத்திலேயே இரண்டாம் கட்டம் உறுதியாயிற்று, என் பதவியும் மேலும் மூன்று வருஷத்துக்கு உறுதியாயிற்று. பதினேழு எதற்கு இத்தனை கைதட்டல் என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

நான் பொய் சொன்னதாக யாரும் நினைக்கவேண்டாம். அவள் சொன்னதில் எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை. 'முன்பு', 'இப்போது' என்ற இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன், அவ்வளவுதான். ஆறு மாதமாக ஓர் அலுவலகமே கூடி உழைத்து அவளுடைய வாழ்க்கையில் தலைகீழாகப் புரட்டியதை, நான் ஒருவனாக நின்று ஒரே வாக்கியத்தில் நேராக்கிக் காட்டினேன்.